மாநகராட்சிப் பள்ளியில் பயில்வோர் யார்?

(திருவல்லிக்கேணியில் நடந்த தமிழன்பர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'தமிழ்வழிக் கல்வியின் சிறப்பு' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அப்பொருளைச் சற்றே மாற்றிக்கொள்ள உங்கள் ஒப்புதலை வேண்டுகின்றேன். தமிழ்வழிக் கல்வியின் சிறப்பை உங்கள்முன் எடுத்துரைப்பது, கடற்கரையில் கடைவிரித்து உப்பு விற்பது போன்றது. நீங்கள் அறியாத சிறப்பை நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகின்றேன்? ஆகையால், இந்நகரில் இன்று தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் யார், அவர்கள் எத்தகைய வீடுகளிலிருந்து பள்ளிக்கு வருகின்றார்கள், தேர்வு முடிவு வெளிவரும் நாளில் அவர்கள் ஏன் பட்டியலின் அடியில் நிற்கின்றார்கள் என்பன பற்றியே பேச விரும்புகின்றேன். முப்பதாண்டை எட்டும் ஆசிரியப் பணியில் நான் கண்டவற்றையும், எல்லாரும் பார்க்கக் கிடைக்கும் கணக்குகளையும் சேர்த்தே சொல்கின்றேன்.

முதலில் நூறாண்டுக்கு முற்பட்ட செய்தி ஒன்று. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் தலைவராய் விளங்கியவர் வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயர். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்குக் கரணியம் பசியே என்பதை அவர் கண்டார். ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில், பகலுணவு தர மாமன்றம் முடிவு செய்தது. பின்னர் அது மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. விளைவு என்ன? 1922-23-இல் 811-ஆக இருந்த மாணாக்கர் தொகை, 1924-25-இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இரு மடங்கு! ஆயினும் தொடக்கக் கல்விப் பணத்தை உணவுக்குச் செலவிடுதல் கூடாதென்று அன்றைய அரசு தடுத்தமையால், 1925 ஏப்ரலில் அத்திட்டம் நின்றது. 1927-இல் மீண்டும் உயிர்பெற்றது.

அதே 1922-க்கும் 1925-க்கும் இடையில், இத்திருவல்லிக்கேணியின் இந்து உயர்நிலைப் பள்ளியில் ஒரு சிறுவர் பயின்றார். அவர்தாம் பின்னாளில், 1983-இல், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். கற்றோர் குடும்பத்தில் பிறந்து, வீட்டிலேயே கல்வியின் சுவையறிந்து, பின் பள்ளிக்கு வந்தவர் அவர். அவர் பள்ளிக்கு நடந்த அதே ஆண்டுகளில், கூப்பிடு தொலைவில், ஒருவேளை உணவு கிடைத்தால்தான் பள்ளி என்னும் நிலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். இவ்விருவகைப் பிள்ளைகளையும் ஒரே தேர்வில் அமர்த்தி, ஒரே அளவுகோலால் அளந்து, முன்னவர் அறிவாளர், பின்னவர் மந்தர் என்று முடிவு கட்டினால் அது முறையாகுமா? ஆகாது என்பீர்கள். ஆனால் இன்றும் ஆண்டுதோறும் நாம் செய்துகொண்டிருப்பது அதுவே.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நெடுங்காலம் இம்மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தவை 281 பள்ளிகள். 2011-இல் நகரின் எல்லை 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. 155 வட்டங்கள் 200 ஆயின. விரிந்த பகுதிகளில் இருந்த 139 அரசுப் பள்ளிகள் 2022-இல் மாநகராட்சியின்கீழ் வந்தன. ஆகப் பள்ளிகளின் தொகை 400-ஐக் கடந்தது. பள்ளிகள் கூடினவே, பிள்ளைகளும் கூடியிருப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய நகரத்தின் பள்ளிகளில் பல மாணாக்கர் குறைந்து மெலிந்தன; சில அருகிலிருந்த பள்ளிகளோடு இணைக்கப்பட்டன.

ஏன் குறைந்தனர்? கரணியங்கள் மூன்று.

ஒன்று, பிறப்பே குறைந்தது. 2019-21-இல் நடந்த நாட்டளவிலான குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரி 1.8 பிள்ளைகளே. மக்கள்தொகை குறையாதிருக்க வேண்டிய அளவு 2.1. தெருவில் விளையாடப் பிள்ளைகள் இல்லாதபோது வகுப்பில் மட்டும் எங்கிருந்து வருவார்கள்?

இரண்டு, நகரின் நடுப்பகுதியைவிட்டு மக்கள் வெளியேறினர். பழைய சென்னையின் மக்கள்தொகை 2001-இல் 43 நூறாயிரத்துக்கும் மேல். 2011-இல் 46 நூறாயிரத்துக்கும் மேல். பத்தாண்டில் வளர்ச்சி ஏறத்தாழ 7 விழுக்காடே. அதே பத்தாண்டில் தமிழ்நாடு முழுமையும் 15 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. இத்திருவல்லிக்கேணியையே பாருங்கள். முற்றமும் திண்ணையுமாய்ப் பல குடும்பங்கள் குடியிருந்த வீடுகள் எத்தனை இன்று மேன்சன்களாக நிற்கின்றன! ஊரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் நால்வர் தங்கும் அறையில் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஏது? குடிக்கூலி உயர உயர, குடும்பத்தோடு வாழ்வோர் புறநகர்க்குப் போயினர்.

மூன்றாவது கரணியந்தான் நம் நெஞ்சைச் சுடுவது. கையில் சிறிது பணம் சேர்ந்தவுடன் தமிழன் செய்யும் முதல் வேலை, தன் பிள்ளையை ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு மாற்றுவது. மெட்ரிக்குலேசன் பள்ளிகள் 1970-களில் சிலவே. இன்று அவை இல்லாத தெருவைத் தேட வேண்டும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி, தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்கள் நலிந்த பிரிவினர்க்கு உரியன; அவர்க்கான கட்டணம் பொதுப்பணத்திலிருந்து தரப்பட வேண்டியது. ஏழைப் பிள்ளைக்கு இடம் கிடைப்பதை நான் பழிக்கவில்லை. ஆனால், பொதுப்பள்ளியை உயர்த்த வேண்டிய பணமே அப்பள்ளியைவிட்டுப் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லும் கையாகவும் ஆயிற்று என்பதை ஓர்ந்து பார்க்க வேண்டும்.

இம்மூன்று சல்லடைகளிலும் சலித்த பின் மாநகராட்சிப் பள்ளியில் எஞ்சியவர் யார்? அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், மாட்டாங்குப்பம் ஆகிய மீனவர் குடியிருப்புகளின் பிள்ளைகள். வீட்டுவேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகள். தானி ஓட்டுவோர், சுமை தூக்குவோர், நடைபாதையில் கடை விரிப்போர் ஆகியோரின் பிள்ளைகள். தந்தையை இழந்தோர், பாட்டியிடம் வளர்வோர். உருதுவழியிலும் தெலுங்குவழியிலும் பயிலும் பிள்ளைகளும் மாநகராட்சிப் பள்ளிகளில் உண்டு. அண்மை ஆண்டுகளில் இன்னொரு கூட்டமும் வந்து சேர்ந்துள்ளது. கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் வடநாட்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோரின் பிள்ளைகளே அவர்கள்.

அப்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பீகாரிலிருந்து வந்த கொற்றனார் ஒருவரின் மகள், இரண்டே ஆண்டில் அகரம் முதல் னகரம் வரை கற்று, ழகரத்தைப் பிழையின்றி ஒலித்து, தமிழில் கட்டுரை எழுதுவதை என் கண்ணால் கண்டிருக்கின்றேன். மறுபுறம், தூய தமிழ்ப்பெயர் தாங்கிய பிள்ளைகள் பலர் தம் பெயரையே தமிழில் எழுதத் தடுமாறுவதையும் கண்டிருக்கின்றேன். வந்தாரால் தமிழ் கெடும் என்று அஞ்சுவோர், முதலில் இவ்விரு பிள்ளைகளையும் அருகருகே நிறுத்திப் பார்க்கட்டும்.

இனி மதிப்பெண்ணுக்கு வருகின்றேன். 2024-ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் தேர்ச்சியோ தொண்ணூற்றை எட்டவில்லை. உடனே எழுகின்றன இரண்டு பொய்கள். 'அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்பது முதற்பொய். 'தமிழில் படித்ததால்தான் பின்தங்கினார்கள்' என்பது இரண்டாம் பொய். இவ்விரண்டையும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்போம்.

முதற்பொய். மாநகராட்சிப் பள்ளி, வாயிலில் வந்து நிற்கும் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்கின்றது. பெயர்பெற்ற தனியார் பள்ளிகளோ கட்டணத்தால் ஒருமுறை வடிகட்டுகின்றன, நேர்காணலால் ஒருமுறை, ஒன்பதாம் வகுப்பில் மெல்லக் கற்போரை 'வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி ஒருமுறை. அவ்வாறு நீக்கப்பட்டவர் வந்து சேரும் இடம் எது? நம் மாநகராட்சிப் பள்ளியே. பொறுக்கியெடுத்த நெல்லையும் களத்தில் கூட்டிய நெல்லையும் ஒரே மரக்காலில் அளந்துவிட்டு, உழவனைப் பழிப்பது போன்றது இவ்வொப்பீடு.

அமெரிக்க நாட்டில் 1966-இல் சேம்சு கோல்மன் என்னும் அறிஞர் தலைமையில், ஏறத்தாழ 4,000 பள்ளிகளையும் 6 நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணாக்கரையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். பள்ளிக்குப் பள்ளி உள்ள கட்டட வேறுபாட்டையும் பணவேறுபாட்டையும்விட, பிள்ளையின் குடும்பப் பின்னணியும் உடன்பயில்வோரின் பின்னணியுமே தேர்ச்சியை மிகுதியும் முடிவு செய்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே நிலை அதுவாயின், இங்குச் சொல்ல வேண்டுமா? உடன்பயிலும் ஒரு நல்ல மாணாக்கனை அங்கிருந்து பெயர்த்தெடுக்கும்போது, எஞ்சியிருக்கும் முப்பது பேரும் சிறிது இழக்கின்றார்கள் என்பதை நாம் உணர்வதில்லை.

இதனோடு குடிபெயர்ப்பு என்னும் கொடுமையையும் எண்ணிப் பாருங்கள். கூவக்கரையிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த மக்கள், 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டனர். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் அவ்வேலை மேலும் விரைந்தது. நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் வீடு. தாயின் வேலையோ இங்கே. பிள்ளையின் பள்ளி எங்கே? புதிய இடத்தில் இடம் கிடைக்கும்வரை பேருந்தேறி வரும் பிள்ளை சில திங்கள் வருவான். பின்னர் வாரத்தில் மூன்று நாள் வருவான். பின்னர் வரவே மாட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கும். இருக்கையில் அவன் இருக்கமாட்டான். தேர்வன்று அவன் பெயர்க்கு எதிரே ஒரு கோடு விழும். அக்கோட்டைப் பார்த்து 'பள்ளியின் தரம் தாழ்ந்தது' என்று எழுதுகின்றோம். தாழ்ந்தது பள்ளியின் தரமா, பிள்ளையை இடம்பெயர்த்துவிட்டு அவன் பின்னே ஒருவரையும் அனுப்பாத நம் ஏற்பாட்டின் தரமா?

2023 மார்ச்சுத் திங்களில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள், மொழித்தாளை எழுத மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளியைவிட்டு வேலைக்குப் போய், ஏட்டளவில் மட்டும் மாணாக்கராய் இருந்தவர்கள் அவர்களுள் பலர். அவர்கள் தோற்றவர் அல்லர், தொலைந்தவர்.

இரண்டாம் பொய்க்கு வருகின்றேன். தமிழில் படிப்பதால் அறிவு மழுங்குமா? தாய்மொழியே கல்விக்கு ஏற்ற வாயில் என்பதை உலக ஒன்றிய அவையின் கல்வி அமைப்பாகிய யுனெசுகோ 1953-ஆம் ஆண்டறிக்கையிலேயே தெளிவுபடுத்தியது. வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு ஆங்கிலவழியில் அறிவியல் கற்பிப்பது, அறியாத பொருளை அறியாத மொழியில் சொல்வதாகும். அப்பிள்ளை மனப்பாடம் செய்வான், பொருள் உணரமாட்டான்.

ஆனால் அன்பர்களே, நமக்கு இனிய இவ்வுண்மையோடு நின்றுவிடுதல் கூடாது. தமிழ்வழி என்று பலகை மாட்டிய அளவில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் சிலர் பேசுகின்றார்கள். அதுவும் உண்மையன்று. 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்ப்பாடத்திலேயே 47,000-க்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெறவில்லை. தமிழ்நாட்டில், தமிழில்! பசித்த பிள்ளைக்கும், இரவில் படிக்க விளக்கும் இடமும் இல்லாத பிள்ளைக்கும், ஆசிரியரில்லா வகுப்பில் அமர்ந்த பிள்ளைக்கும் எந்த மொழியும் கைகொடாது. மொழி வாயில்தான், வாயிலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வீடே கட்டாமலிருந்தால் பிள்ளை எங்கே குடிபுகுவான்?

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்வழியில் பயின்றவன் மேலே ஏறப் படி இருக்கின்றதா? மருத்துவக் கல்விச் சேர்க்கையை ஆராய்ந்த ஏ.கே. இராசன் குழுவின் 2021-ஆம் ஆண்டறிக்கையைப் பாருங்கள். நீட் தேர்வு வருமுன் 2016-17-இல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோருள் தமிழ்வழியினர் 14.88 விழுக்காடு. 2020-21-இல் அது 1.99 விழுக்காடு. அறிவு நான்காண்டில் அத்துணை வற்றிவிடுமா? வற்றியது வாய்ப்பு. பணம் கொடுத்துத் தனிப்பயிற்சி பெற்றவர்க்கே வாயில் திறந்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு வந்த பிறகே ஏழைப் பிள்ளைகள் மீண்டும் நுழையத் தொடங்கினார்கள். இது காட்டுவது யாது? படியமைத்துக் கொடுத்தால் அப்பிள்ளைகள் ஏறுவார்கள் என்பதே.

சட்டத்தால் இதனைத் தீர்க்க முயலவில்லையா என்று கேட்பீர்கள். 1999-இல் தமிழறிஞர்கள் உண்ணாநோன்பிருந்து போராடினர். அவ்வாண்டின் இறுதியில், ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழிவழிக் கல்வி என்று தமிழக அரசு ஆணையிட்டது. 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்றது. 2014-இல் கருநாடக வழக்கில், பயிற்றுமொழியை அரசு திணிக்க இயலாதென உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தமிழை ஒரு பாடமாகக் கட்டாயம் கற்பிக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் நமக்குக் கிடைத்த ஊன்றுகோல்கள். ஆயினும் பயிற்றுமொழியைத் தேரும் உரிமை இன்று பெற்றோர் கையில் உள்ளது. ஆகவே வழக்காடு மன்றத்தில் தோற்ற வழக்கை இனிப் பெற்றோர் மனத்தில் வெல்ல வேண்டும்.

பெற்றோர் மனத்தை எது மாற்றும்? மேடைப்பேச்சு மாற்றாது. ஒரு மீனவத் தாய் என்னிடம் கேட்டார்: "தமிழில் படிக்கச் சொல்லுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், ஐயா?" அக்கேள்விக்கு இக்கூட்டத்தில் உள்ளோர் ஒவ்வொருவரும் விடை வைத்திருக்க வேண்டும். வலியோரும் எளியோரும் ஒரே அண்மைப் பள்ளியில் பயில வேண்டும் என்று 1966-இலேயே கோத்தாரிக் குழு பரிந்துரைத்தது. அரசூதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியிலேயே சேர்க்க ஆவன செய்யவேண்டுமென 2015-இல் அலகாபாத்து உயர்நீதிமன்றம் கூறியது. இரண்டும் ஏட்டில் உறங்குகின்றன. தன் பிள்ளை அமரும் பள்ளியின் கூரை ஒழுகினால் அன்றே ஏணி வைப்பவன், ஊரார் பிள்ளை அமரும் பள்ளியின் கூரைக்கு மனு எழுதுவதோடு நின்றுவிடுகின்றான்.

நம்பிக்கையிழக்க வேண்டுவதில்லை. 1920-இல் ஓரணாவில் தொடங்கிய உணவு, 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவத் தொடங்கி, 1982-இல் சத்துணவாய் விரிந்து, 2022-இல் காலையுணவாகவும் வளர்ந்தது. உயர்கல்வி செல்லும் அரசுப்பள்ளி மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா 2022 முதலும், மாணவர்க்கு 2024 முதலும் வந்தன. இவை அரசு செய்வன. நாம் செய்யத்தக்கவை எவை? நான்கு சொல்கின்றேன்.

முதலாவது, பள்ளி அகவையில் உங்கள் வீட்டில் பிள்ளையோ பெயரனோ இருந்தால், மாநகராட்சிப் பள்ளியின் தமிழ்வழி வகுப்பில் சேருங்கள். இரண்டாவது, கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர்க்கே உரியது. அக்குழு கூடும் நாளறிந்து, எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோர்க்குத் துணைநின்று, அவர்தம் குறையை எழுத்தாக்குங்கள். மூன்றாவது, குப்பத்திற்கு ஒரு மாலைப் படிப்பகம். விளக்கு, பாய், குடிநீர், கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஒரு கல்லூரி மாணவர் போதும். ஆம், ஆங்கிலமுந்தான். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாய்க் கற்பித்துவிட்டால், அதற்காகவே பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் குறைவர். நான்காவது, நம் தெருவிலிருந்து பெயர்க்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி வைத்து, அவன் சென்ற இடத்தில் பள்ளியில் சேர்ந்தானா என்று நேரில் சென்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கையேடும், பேருந்துக் கட்டணமும், கால் வலிமையும் போதும்.

வள்ளுவர் கல்விக்கோர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அதனை அடுத்தே கல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கற்றோரைப் போற்றுவது எளிது. கல்லாமையின் இழப்பை எண்ணி வருந்துவதே அரிது. இந்நகரில் தமிழில் பயில்வோர் ஏழைகள் மட்டுமே என்னும் நிலை நிலைத்துவிட்டால், நாளடைவில் தமிழ் என்பதே ஏழ்மையின் அடையாளம் ஆகிவிடும். அடையாளம் ஆன பின், ஏழ்மையினின்று தப்ப விரும்புவோன் தமிழினின்றும் தப்ப விரும்புவான். அந்நாள் வருமுன் விழித்துக்கொள்ள வேண்டும். தமிழைக் காக்கும் போர்க்களம் மாநகராட்சிப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் இருக்கின்றது. அங்கே இன்று வராத பிள்ளை யார் என்று கேட்டு, அவன் வீட்டை நோக்கி நடப்போம்.